விரிவாக்க மானியம்

லாபிஸ் பசாருக்குப் பின்னால்
சைக்கிள் கடை மாடியில் எங்கள் அலுவலகம்.
பக்கத்து மாடியில் பறவைக்கூடு வளர்க்கிறார்கள்.
ஒலிபெருக்கியில் நாள் முழுக்க
இல்லாத பறவைகள் கூப்பிட்டபடி இருக்கும்.
அந்தச் சத்தத்தில்தான் கடிதத்தைப் படித்தேன்:
இல்லப் பராமரிப்புச் சேவை விரிவாக்கம்,
அறுபதாயிரம் வெள்ளி,
டிசம்பருக்குள் செலவழியாத காசைத்
திருப்பிக் கட்ட வேண்டும்.

விரிவாக்கம்.
அந்தச் சொல்லை நான் வேறு இடத்தில்
எழுதிப் பழகியவள்.
ஆரோக்கியநாதனின் இடுப்பெலும்புக்குக் கீழே
காகித அளவுகோல் வைத்து
மார்ச்சில் நான்கு சென்டிமீட்டர்,
ஏப்ரலில் ஐந்தரை.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.
அப்போது அவன் மூன்றரைக் கிலோ குழந்தை.
நாற்பத்து மூன்றில் செம்பனைக்குலை ஏற்றிய லோரியோடு
கால்வாயில் கவிழ்ந்தான்.
மனைவி ஜொகூர் பாருவில் தங்கி
தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறாள்.
மாதம் இரண்டு ஞாயிறு வருவாள்.
கையில் தைலம், பை நிறைய பெம்பர்ஸ்.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.
வாரத்துக்கு எண்பத்து நான்கு.
நான் செவ்வாய், வெள்ளி.
மிச்சம் எண்பத்திரண்டு.

ஆனாலும் மே மாதம் புண் நாலுக்கு இறங்கியது.
ஜூனில் மூன்று.
'யாருப்பா திருப்பிவிடறது?'
அவன் பலகைச் சுவரைக் காட்டினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜஹாங்கீர்.
குலை வெட்டுகிறவன். பங்களாதேஷ்.
பெர்மிட் காசு ஏஜெண்டோடு போய்விட்டது.
இரவெல்லாம் கைப்பேசியில் அலாரம் வைத்து எழுந்து வருகிறான்.
பத்து மணி ஓய்வில் சைக்கிளை மிதித்து வருகிறான்.
எண்பத்திரண்டில் அறுபதாவது இருக்கும்.
இருவருக்கும் பொதுவாக நாலே மலாய்ச் சொல்.
கீரி என்றால் இடம், கானான் வலம்.
தமிழில் கீரி பாம்போடு மல்லுக்கு நிற்கும் பிராணி என்று
சொல்லிச் சிரிக்க
மீதி மொழி போதவில்லை.

மானியப் பாரத்தில்
பராமரிப்பவர் பெயர், உறவுமுறை,
அடையாள அட்டை எண்.
உறவுமுறையில் 'சுவர்' என்று எழுதினேன்.
பிறகு வெள்ளை மை தடவினேன்.

செப்டம்பரில் சரிபார்க்க புவான் ரோஸ்னானி வந்தார்.
வெள்ளை வேன், கதவில் சின்னம்.
லயத்து முனையில் எவனோ
இமிகிரேஷன் என்று கத்திவிட்டான்.
சோற்றுத்தட்டு அப்படியே கிடக்க
ஜஹாங்கீர் செம்பனைக்குள் ஓடிவிட்டான்.

புவான் ஒவ்வொன்றாகக் கேட்டார்.
கட்டில் உயரம். மின்விசிறி. குழாய்த் தண்ணீர்.
நான் பதில் சொன்னேன்.
ஆரோக்கியநாதன் ஒருக்களித்த வாக்கிலேயே
வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டுக்கு
சுவருக்கு அப்பால் ஆளில்லாத அறையில்
கைப்பேசி அலறியது.
நிறுத்த யாருமில்லை.
'என்ன அது?' என்றார் புவான்.
நான் வாயைத் திறக்குமுன்
அவன் சொன்னான்:
'புரட்டுற நேரம்.'

அவர் சுவரைப் பார்த்தார்.
பாரத்தில் வெள்ளை மை தடவிய இடத்தைப் பார்த்தார்.
டேப்லெட்டை அரிசி டின் மேல் வைத்துவிட்டு
சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றி
கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.
'கீரியா, கானானா?'

அலாரம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

நவம்பரில் பணம் வந்தது.
ஒரு மோட்டார், காற்று மெத்தை மூன்று,
யசோதினி என்று ஒரு புதுத் தாதி.
இப்போது வாரத்துக்கு ஐந்து போகிறோம்.
மிச்சம் எண்பதுக்கு ஒன்று குறைவு.

அன்று அவன் இருட்டிய பிறகுதான் திரும்பினானாம்,
கெண்டைக்காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு.
வெள்ளிக்கிழமை கழுவி மருந்து போட்டேன்.
யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல்
பஞ்சை என் பையிலேயே திணித்துக்கொண்டேன்.

ஆண்டறிக்கையில் கேட்கிறார்கள்:
விரிவாக்கம் எவ்வளவு?
பக்கத்து மாடியில் பறவைகள் கத்துகின்றன.
ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு
இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.